கை கழுவுவதைக் கேட்டு எழுதுவதா, பார்த்து எழுதுவதா? பள்ளியில் கள ஆய்வு, யோசனை தேவை

கவிநிலா

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுக்கு முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா, இல்லையென்றால் எது தடுக்கிறது.

நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு இருபது கேள்விகளோடு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். 'சாப்பிடும் முன் சோப்பால் கை கழுவுவாயா? எப்போதும் / சில நேரம் / இல்லை' என்கிற மாதிரி. ஒரு பள்ளியில் முன்னோட்டம் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் 'எப்போதும்' என்று டிக் அடித்தார்கள். அந்தப் பள்ளிக் குழாயடியில் சோப்பே இல்லை! கைடு 'மாதிரியைக் கூட்டு, சரியாகிவிடும்' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மேலே போகலாமா?

தேனிக்காரன்

போகாதீர்கள். பதில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது ஆளைக் கூட்டினால் சாய்வு குறையாது, இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

நான் சர்வே வேலையிலேயே இருப்பவன். 'கை கழுவுவாயா' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'இல்லை' என்று சொல்லாது. அது டீச்சர் நடத்திய பாடம். பரீட்சை என்று நினைத்துச் சரியான விடையை எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். அதனால்தான் தேசியக் குடும்பநல ஆய்வில் வாயால் கேட்பதோடு விடுவதில்லை. 'வீட்டில் எங்கே கை கழுவுவீர்கள், காட்டுங்கள்' என்று சொல்லி, அந்த இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். குழாயடியில் சோப்பு இல்லை என்று கவனித்தீர்களே, அந்த ஒரு வரி உங்கள் இருபது கேள்வியைவிடப் பெரிய டேட்டா.

மானிடன்

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு எல்லோரும் காட்டுகிற பழைய ஆய்வு ஒன்று உண்டு. ரிச்சர்ட் லாபியர் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930 தொடங்கி ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். மொத்தம் சுமார் 10,000 மைல். சீனர்கள் மேல் வெறுப்பு ஊரறிய இருந்த காலம் அது. விடுதி, சாப்பாட்டுக் கடை என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதம் விட்டு அதே இடங்களுக்கு 'சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?' என்று கேட்டுக் கடிதம் போட்டார். பதில் வந்த 128 இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'மாட்டோம்' என்று எழுதின. 1934-இல் வெளியிட்டார்.

இங்கே எழுத்தில் வெறுப்பு, செயலில் வரவேற்பு. உங்கள் பள்ளியில் எழுத்தில் சுத்தம், குழாயடியில் வெறும் தண்ணீர். திசை வேறு, இடைவெளி அதேதான்.

புள்ளியியல் செல்வம்

லாபியர் ஆய்வை அப்படியே ஏற்க முடியாது மானிடன் சார். கடிதத்துக்குப் பதில் எழுதியவர் முதலாளியாக இருக்கலாம். வாசலில் நின்று அறை கொடுத்தவர் வேலையாளாக இருக்கலாம். இரண்டு பேருடைய நடத்தையை ஒப்பிட்டுவிட்டு 'சொல் வேறு செயல் வேறு' என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் நின்றிருக்கிறார்.

கவிநிலா, இதிலிருந்து உங்களுக்கு ஒன்று: கேள்வித்தாளையும் நேரில் பார்த்ததையும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் பிள்ளைக்குப் பிள்ளை பொருத்துங்கள். வகுப்பு சராசரியோடு வகுப்பு சராசரியை வைத்துப் பார்த்தால் இதே ஓட்டை உங்களுக்கும் வரும்.

மானிடன்

முதல் ஆட்சேபம் முழுக்க நியாயம். இரண்டாவதை லாபியரே யோசித்திருந்தார். முடிந்தபோதெல்லாம் காரையும் பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிற சாக்கில் பின்தங்கி, தம்பதியை முன்னால் அனுப்பினார். 'நான் அங்கே இருப்பதே முடிவை மாற்றிவிடுமோ' என்கிற கவலை அன்றைக்கே களத்தில் இருந்திருக்கிறது.

நலப்பணி

அந்தக் கவலைதான் கவிநிலாவின் ஆய்வுக்கும் நடுமையம். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கேட்பதைவிடப் பார்ப்பது மேல் என்பதில் எங்கள் துறையில் இன்று பெரிய சண்டை இல்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் போபோ டியுலாசோ நகரத்தில் வலேரி கர்ட்டிஸ் குழு தாய்மார்களிடம் கேட்டும் பார்த்தும் ஒப்பிட்டு 1993-இல் எழுதியது. நல்ல பழக்கங்கள் வாய்ப்பேச்சில் கூடுதலாகவே வந்தன. இந்த மாதிரி வேலைகளால் நேரடிப் பார்வை என்பது ஒரு முறையாக நிலைத்தது. பயிற்சி பெற்ற ஒருவர் காலையிலேயே வீட்டுக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து, சில மணி நேரம் நடப்பதை ஃபார்மில் குறிப்பார். கழிப்பறை போய் வந்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின், சமைக்கும் முன், ஊட்டும் முன், சாப்பிடும் முன் என்று ஒவ்வொரு தருணத்திலும் கையில் தண்ணீர் பட்டதா, சோப்புப் பட்டதா, ஒரு கையா இரண்டு கையா என்று எழுதுவார்.

சரி, ஆள் உட்கார்ந்திருப்பதால் பழக்கம் மாறினால்? இதை ஊகத்தில் விடாமல் அளந்தே பார்த்தார்கள். வங்கதேசக் கிராமங்களில் பாவனி ராம் குழு, உள்ளே அசைவு உணரும் சென்சார் பதித்த சோப்புக் கட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தது. யாரும் பார்க்காத நாட்களிலும் சோப்பு எப்போது அசைந்தது என்று பதிவாகும். ஆய்வாளர் வந்து உட்கார்ந்த நாளில் சோப்பு அசைந்த எண்ணிக்கை 35 சதவீதம் கூடியது. 2010-இல் வெளியான முடிவு. நேரில் பார்த்துக் கிடைக்கிற எண்ணும் உண்மையைவிட மேலேதான் நிற்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

அதற்காக முறையைத் தூக்கிப் போட வேண்டாம். நம் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் நடந்த 'சூப்பர் அம்மா' ஆய்வைப் பாருங்கள். 14 கிராமங்கள். குலுக்கலில் 7 கிராமங்களுக்கு மட்டும் பிரசாரம். கிருமி பற்றிப் பாடம் நடத்தாமல் அருவருப்பையும், பிள்ளையை நல்லபடியாக வளர்க்கும் தாயின் பெருமையையும் தொட்டார்கள். தொடக்கத்தில், ஆய்வாளர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, சோப்பால் கை கழுவிய தருணங்கள் நூற்றுக்கு ஒன்று இரண்டுதான்! ஆறு மாதம் கழித்துப் பிரசாரம் நடந்த கிராமங்களில் 37 சதவீதம், மற்றவற்றில் 6 சதவீதம். ஆய்வாளர் இருப்பதால் வரும் ஏற்றம் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால்தான் ஒப்பீட்டுக்கு இன்னொரு 7 கிராமங்கள். பிரசாரத்தைக் கேட்டவர்கள் ஆய்வாளருக்கு முன் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நல்லபடி நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் 37-க்கும் 6-க்கும் உள்ள தூரத்தை அது மட்டுமே உண்டாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்

சோப்பு சென்சார் கதை எனக்கு ஆச்சரியமே தரவில்லை. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். நாங்கள் தெருவில் திரும்பினாலே போதும், அதற்குள் சேதி போய்விடும். உள்ளே போனால் பைப்படியில் காகிதம் இப்போதுதான் கிழித்த புதுச் சோப்பு, ஓரங்கூடத் தேயாமல் இருக்கும். குளிக்கிற சோப்பு வேறெங்கோ ஓட்டுக்கடியில் இருக்கும், தேய்ந்து மெலிந்து.

அதனால் கண்ணு கவிநிலா, 'சோப்பு இருக்கிறது' என்று மட்டும் குறிக்காதே. தேய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்றும் குறி. பள்ளிக்கூடத்தில் சோப்பு பெரும்பாலும் ஹெச்.எம். அறை அலமாரியில் இருக்கும், விசேஷ நாளுக்கு வெளியே வரும். அதையும் கேட்டு எழுது.

கவிநிலா

ரொம்ப நன்றி அக்கா. நேற்றே ஒரு பள்ளிக்குப் போய்க் குழாயடியில் நின்று பார்த்தேன். மணி அடித்ததும் அறுபது எழுபது பிள்ளைகள் தட்டோடு ஓடி வருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. யாரைப் பார்ப்பது, எதை எழுதுவது என்றே பிடிபடவில்லை. நலப்பணி சார் சொல்வது ஒரு வீட்டுக்கு, ஒரு தாய்க்குச் சரி. கூட்டத்தை எப்படிப் பார்ப்பது?

நீலமலை

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நான் குரங்குகளின் நடத்தையை ஆய்பவள். கூட்டத்தில் யாரைப் பார்ப்பது என்பது எங்களுக்கு அன்றாடப் பாடு.

ஜீன் ஆல்ட்மன் 1974-இல் 'பிஹேவியர்' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் எங்கள் துறையில் முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கிறோம். ஆல்ட்மன் படித்தது கணிதம். கென்யாவின் அம்போசெலியில் பபூன்களைப் பின்தொடர்ந்தவர். அந்தக் கட்டுரையின் கேள்வியை என் வார்த்தையில் சொன்னால்: அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்வது நீங்களா, உங்கள் முன் நடக்கிற கலாட்டாவா? நோட்டோடு நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் சண்டையும் துரத்தலும் கத்தலுமாகப் பக்கம் நிறையும். மரக்கிளையில் சத்தமில்லாமல் குட்டிக்குப் பேன் பார்க்கிற தாய் நோட்டுக்குள் வரவே மாட்டாள். அப்புறம் அந்த நோட்டை எண்ணிப் பார்த்து 'இந்தக் கூட்டத்தில் சண்டை அதிகம்' என்று எழுதினால், எண்ணியது நம் கண் எங்கே போனது என்பதைத்தான்.

அதற்கு அவர் தரம்பிரித்த முறைகளில் இரண்டு உங்களுக்குப் பயன்படும். ஒன்று ஃபோகல் முறை. யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே குலுக்கி எடுத்து, குறித்த நேரம் அந்த ஒருவரை மட்டுமே பார்ப்பது. பக்கத்தில் என்ன ரகளை நடந்தாலும் கண் திரும்பக்கூடாது. இன்னொன்று ஸ்கேன் முறை. குறித்த இடைவெளியில் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்வையால் துழாவி, அந்தக் கணத்தில் ஒவ்வொருவரும் செய்வதைக் குறிப்பது. ஸ்கேனில் நீண்ட நேரம் நடப்பவை நன்றாக விழும். சட்டென்று முடிவதெல்லாம் தப்பிப் போகும். சோப்புப் போடுவது சில நொடி வேலை, அதனால் உங்களுக்கு ஃபோகல்தான் சரி.

இதில் ஒரு முக்கியமான விஷயம். குழாயடியில் நிற்காதீர்கள்! குழாயடிக்கு வந்த பிள்ளைகளைத்தான் அங்கே பார்க்க முடியும். கை கழுவாமல் நேராகத் தட்டோடு வரிசைக்குப் போகும் பிள்ளை உங்கள் கணக்கிலேயே சேராது. வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கலில் ஒரு பெயரை எடுத்து, மணி அடித்ததிலிருந்து முதல் கவளம் வாய்க்குப் போகும்வரை அந்தப் பிள்ளையைப் பாருங்கள். ஒரு மதிய வேளைக்கு ஒரு பார்வையாளருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் கிடைப்பார்கள். குறைவுதான். ஆனால் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

புள்ளியியல் செல்வம்

நீலமலை அம்மா சொன்ன கடைசிப் பத்தியை அப்படியே கைடிடம் காட்டுங்கள். வகுத்தலில் கீழே என்ன வருகிறது என்பதுதான் பாதி ஆய்வு.

அரசுப்பள்ளி ஆசிரியை

தினமும் பார்ப்பவள் என்ற முறையில் ஒரு சந்தேகம். பிள்ளைகள் சாப்பிடும் முன் தட்டைக் கழுவுகிறார்கள். அப்போது இரண்டு கையும் நனைகிறது. இதைக் கை கழுவியதாக எடுப்பீர்களா? சில பிள்ளைகள் வலது கையை மட்டும் குழாயில் நீட்டிவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொள்வார்கள். சோப்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. சோப்புத் தண்ணீர் பாட்டில் வைத்தால் அதை நுரை ஊத விளையாட்டுக்கு எடுப்பார்கள். இதையெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி எழுதினால் கணக்கு என்னாகும்?

நலப்பணி

டீச்சர் கேட்டது ஃபார்ம் எழுதும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி. என் ஆலோசனை: களத்தில் தீர்ப்பு எழுதவே வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். தட்டு கழுவியதா என்று ஒரு கட்டம், கையைத் தனியாகத் தண்ணீரில் காட்டியதா என்று ஒன்று. ஒரு கையா இரண்டு கையா, சோப்பு கையில் பட்டதா, கைகளை ஒன்றோடொன்று தேய்த்ததா, எதில் துடைத்தது என்று மற்றவை. 'கை கழுவியது' என்பதற்கு எது எது வேண்டும் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து, களத்துக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நாளைக்கு யாராவது 'தட்டு கழுவியதையும் சேர்த்தால்?' என்று கேட்டால் அதையும் கணக்கிட்டுக் காட்ட முடியும்.

சோப்புக் கட்டியை எடைபோடுவதும் ஒரு வழி. வாரத் தொடக்கத்தில் ஓர் எடை, முடிவில் ஓர் எடை. ஈரச் சோப்பு கனக்கும் என்பதால் உலர வைத்துத்தான் போட வேண்டும். எந்தப் பிள்ளை பயன்படுத்தியது என்று தெரியாது. ஆனால் நீங்கள் போகாத நாட்களிலும் சோப்பு தேய்ந்ததா என்று அதுதான் சொல்லும்.

புள்ளியியல் செல்வம்

பார்வையாளர்கள் இரண்டு பேர் என்றால் ஒத்துப்போவதைக் கட்டாயம் சோதியுங்கள். ஆனால் 'நாங்கள் 92 சதவீதம் ஒத்துப்போனோம்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒரே 100 தருணங்களை இருவரும் பார்க்கிறார்கள். 90-இல் இருவரும் 'சோப்பு இல்லை'. 2-இல் இருவரும் 'சோப்பு உண்டு'. மீதி 8-இல் ஆளுக்கு நாலு தடவை ஒருவர் உண்டு என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். ஒத்தது 92. கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால் இருவரும் தலா 6 தடவைதான் 'உண்டு' என்றிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்திருந்தாலும் 89 சதவீதம் அளவுக்குத் தற்செயலாகவே ஒத்திருக்கும். அதைக் கழித்துப் பார்க்கத்தான் ஜேக்கப் கோஹென் 1960-இல் காப்பா என்ற அளவைத் தந்தார். இந்தக் கணக்கில் காப்பா 0.29 தான் வரும். யாராவது ஒருவர் சோப்பு என்று குறித்த 10 தருணங்களில் இருவரும் ஒத்தது 2 மட்டுமே என்று யோசித்தால் ஏன் என்று புரியும். அரிதாக நடப்பதை ஆய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. ஒரே பள்ளியில் நூறு பிள்ளைகள் என்பது நூறு தனித்தனிச் சான்று ஆகாது. அந்தப் பள்ளியில் சோப்பு இல்லையென்றால் நூறு பேருக்கும் இல்லை. பிள்ளைகளைக் குறைத்துப் பள்ளிகளைக் கூட்டுங்கள்.

தேனிக்காரன்

ஹாதார்ன் விளைவு என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நடத்தை மாறும் என்பதற்கு வகுப்பில் அதைத்தானே சொல்லித் தருகிறார்கள்.

மானிடன்

பெயர் நிலைத்துவிட்டது, சான்று அவ்வளவு கெட்டி இல்லை. சிகாகோ பக்கத்து ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய விளக்கொளிச் சோதனைகளின் பழைய தரவைத் தேடியெடுத்து லெவிட், லிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2011-இல் மறுபடி அலசினார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது என்ற கதை அந்தத் தரவில் அப்படி நிற்கவில்லை. கவிநிலா ஆய்வேட்டில் சோப்பு சென்சார் ஆய்வைக் காட்டுவது நல்லது, அது நேரடியாக அளந்தது.

எனக்கு வேறொரு வருத்தம். கட்டம் கட்டமாக டிக் அடிப்பதிலேயே ஆய்வு முடிந்துவிடக்கூடாது. 'எது தடுக்கிறது' என்பதும் உங்கள் தலைப்பில் இருக்கிறது. அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். சமையலர் அம்மாவிடம், ஐந்தாம் வகுப்புப் பெரிய பிள்ளைகளிடம், தண்ணீர் வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று. தினமும் சாயங்காலம் அன்றைய குறிப்பை விரித்து எழுதுங்கள், இரண்டு நாள் விட்டால் பாதி மறந்துபோகும். எழுதியதைப் படம் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். சமூக மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தில் 1948-இல் தங்கிச் சேர்த்தவற்றைப் பல ஆண்டுகள் சீர்ப்படுத்தி வைத்திருந்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அந்தச் சீர்ப்படுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

ஓய்வுபெற்ற செவிலியர்

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பீர்களா, சொல்லாமலா? எனக்கு இதுதான் உறுத்துகிறது.

நலப்பணி

ஒளிந்து பார்ப்பது கூடாது அம்மா. பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இந்த வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாக இசைவும் கேட்க வேண்டும். வேண்டாம் என்கிற பிள்ளையின் பெயர் குலுக்கலில் இருக்கக்கூடாது. 'மதிய நேரத்தில் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று பார்க்க வந்திருக்கிறேன்' என்று பொதுவாகச் சொல்லலாம். அது பொய் இல்லை. கை கழுவுவதைத்தான் பார்க்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாததை எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் காட்டி, முடிந்ததும் பள்ளியில் எல்லோருக்கும் விளக்கிவிடுங்கள். கழிப்பறைப் பக்கம் பார்வையாளர் போகவே கூடாது.

ஆளே இல்லாமல் அளப்பதும் உண்டு. இங்கிலாந்து நெடுஞ்சாலை ஓய்விடக் கழிப்பறைகளில் நுழைவாசலிலும் சோப்புக் குப்பியிலும் சென்சார் வைத்து, சுவரில் மாற்றி மாற்றி வாசகங்களைக் காட்டினார்கள். கிட்டத்தட்ட 2 லட்சம் பயன்பாடுகள். 2009-இல் வெளியானது. அருவருப்பூட்டும் வாசகம் ஆண்களிடம் அதிகம் வேலை செய்தது, பெண்களிடம் தகவல் சொல்லும் வாசகம். யாருடைய முகமும் பதிவாகவில்லை. ஆனால் அது பெரிய நிதி இருந்தால்தான்.

கவிநிலா

எல்லாவற்றையும் சேர்த்துப் புதுத் திட்டம் எழுதிக் கைடிடம் கொடுத்துவிட்டேன். பள்ளிகள் கூடுதல், பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவு. பதிவேட்டிலிருந்து குலுக்கல், மணி முதல் முதல் கவளம்வரை ஃபோகல். நடந்ததை மட்டும் குறிக்கும் ஃபார்ம், சில நாள் இரண்டு பார்வையாளர், காப்பா. சோப்பு எடை. கேள்வித்தாள் கடைசி நாளில் மட்டும், அதே பிள்ளைகளுக்கு, இருபதிலிருந்து ஆறு கேள்வியாகக் குறைத்து. கைடு படித்துவிட்டு 'இதைச் செய்' என்றார்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. முதல் நாள் போனால் பிள்ளைகள் என்னையே சுற்றி நின்று ஃபார்மை எட்டிப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

நீலமலை

முதல் சில நாள் டேட்டா எடுக்காதீர்கள். ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள், கேட்டால் காட்டுங்கள். குரங்குக் கூட்டமும் எங்களைப் பழகிக்கொள்ள நாளெடுக்கும். நம்மைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவை தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் நோட்டைத் திறப்போம். எத்தனை பேர் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தினமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுங்கள். அந்த எண் குறைந்து ஒரே அளவில் நின்றதும் தொடங்குங்கள். அதையும் ஆய்வேட்டில் ஒரு வரைபடமாகப் போடலாம்.

அரசுப்பள்ளி ஆசிரியை

உட்காரும் இடம் வராந்தாத் தூண் பக்கமாக இருக்கட்டும். அங்கிருந்து குழாயடி, உணவு வரிசை, உட்காரும் இடம் மூன்றும் தெரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். எங்கள் பள்ளியில் தெரியும். சமையலர் அம்மாவிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். சாப்பாடு எப்போது தயார் என்பதைப் பொறுத்து மணி முன்னே பின்னே அடிக்கும், அது அவருக்குத்தான் முதலில் தெரியும்.